டெஸ்க்டொப்பில் யூஸ்நெட்: தண்டர்பேர்ட், பான் இரண்டையும் முழுமையாகப் பயன்படுத்துவது எப்படி?

2024 பெப்ரவரி 22ஆம் திகதியோடு கூகுள் குரூப்ஸ், தலைப்புவாரியான செய்திக்குழுக்களில் மக்கள் எழுதிப் பேசும் வலையமைப்பான யூஸ்நெட்டுக்குப் புதிய பதிவுகளை அனுப்புவதையும் அங்கிருந்து எடுப்பதையும் நிறுத்திவிட்டது. பழைய பதிவுகளை மட்டும் அங்கே தேடிப் பார்க்கலாம். புரவுசரிலேயே வாசித்துப் பழகியவர்களில் பலர், யூஸ்நெட்டே மூடப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மை அதுவல்ல. 1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டொம் ட்ரஸ்கொட்டும் ஜிம் எலிஸும் திட்டமிட்டு, 1980இல் இயங்கத் தொடங்கிய இந்த வலையமைப்பு எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. பல சேர்வர்கள் பதிவுகளைத் தமக்குள் கைமாற்றிக்கொள்கின்றன. அவற்றில் ஒன்று விலகினால் மற்றவை தொடர்ந்து ஓடும். உள்ளே நுழைய ஒரு சேர்வர் கணக்கும் கணனியில் ஒரு வாசிப்பு மென்பொருளும் போதும்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எதை வாசித்தீர்கள், எந்தத் திரியை (ஒரு பதிவும் அதற்கு வந்த மறுமொழிகளும்) ஒதுக்கினீர்கள், யாருடைய பதிவை முதலில் பார்க்க விரும்புகிறீர்கள் என்பது எதுவும் சேர்வருக்குத் தெரியாது. அத்தனையும் உங்கள் கணனியில் இருக்கும் மென்பொருளின் நினைவில்தான் இருக்கிறது. கீழே வரும் வசதிகளும், அவற்றில் வரும் சிக்கல்களும் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

எந்த மென்பொருள், எந்தச் சேர்வர்

விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் தண்டர்பேர்ட்டை முதல் தெரிவாகப் பரிந்துரைக்கிறோம். மின்னஞ்சலுக்கு ஏற்கெனவே அதைப் பயன்படுத்துபவர் புதிதாக எதையும் நிறுவத் தேவையில்லை. அதிகம் வாசிப்பவர்களுக்கு, குறிப்பாக லினக்ஸில் இருப்பவர்களுக்கு, பான் மேலானது. செய்திக்குழுக்களுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் அது. பதிவுகளுக்குப் புள்ளியிடும் முறை அதன் பெரும் பலம். உபுண்டு, டெபியன் இரண்டிலும் வழமையான மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது.

சேர்வருக்கு எட்டர்னல் செப்டெம்பர் போதுமானது. எழுத்துப் பதிவுகள் மட்டும், கட்டணம் இல்லை, மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதிவுசெய்ய வேண்டும். திறந்த மூல மென்பொருட்களின் மின்னஞ்சல் பட்டியல்களைச் செய்திக்குழு வடிவில் வாசிக்க ஜிமேன் சேர்வரை இரண்டாவது கணக்காகச் சேருங்கள். மொறட்டுவையிலோ கொழும்பிலோ கணனி படிக்கும் மாணவர்களுக்கு ஜிமேன் மிகவும் பயன்படும். நூற்றுக்கணக்கான அஞ்சல்களை இன்பொக்ஸில் கொட்டாமல், தேவையான திரியை மட்டும் திறந்து பார்க்கலாம்.

தண்டர்பேர்ட்டில் கணக்கு அமைத்தல்

ஆல்ட் விசையை அழுத்தினால் மேலே மெனு வரிசை தோன்றும். அதில் ‘ஃபைல்’, ‘நியூ’, ‘நியூஸ்குரூப் அக்கவுண்ட்’ என்று செல்லுங்கள். முதலில் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கேட்கும். நீங்கள் எழுதும் ஒவ்வொரு பதிவிலும் இந்த முகவரி எல்லோருக்கும் தெரியும். குப்பை அஞ்சல் அனுப்புவோர் இத்தகைய முகவரிகளைத் திரட்டுவதும் வழக்கம். உண்மையான முகவரியை வெளியிட விருப்பமில்லாவிட்டால், முகவரியின் கடைசியில் ‘இன்வாலிட்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒரு புள்ளியோடு சேருங்கள். அந்த ஈற்றுப்பெயர் யாருக்கும் வழங்கப்படாமல் 1999இலேயே ஒதுக்கிவைக்கப்பட்டது. ஆகவே தற்செயலாக வேறொருவருக்கு அஞ்சல் போய்ச் சேராது. கற்பனையாக ஒரு முகவரியை எழுதிவிடாதீர்கள். அது எங்கோ ஒருவருடைய உண்மையான முகவரியாக இருக்கலாம்.

அடுத்து சேர்வரின் பெயரைக் கொடுத்து முடியுங்கள். வேலை இத்தோடு முடிவதில்லை. இந்த வழியில் உருவாகும் கணக்கு 119ஆம் போர்ட்டில் (சேர்வரின் இணைப்பு வாயில் எண்), மறைகுறியாக்கம் இல்லாமல் இருக்கும். உங்கள் கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே வலையில் போகும். ஆகவே உடனே ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ திறந்து, அந்தக் கணக்கின் ‘சேர்வர் செட்டிங்ஸ்’ பக்கத்தில் பாதுகாப்பு வகையை எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்று மாற்றுங்கள். போர்ட் எண் 563 ஆக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் நீங்களே எழுதுங்கள். அதே பக்கத்தில் ‘எப்போதும் அடையாளம் கேள்’ என்ற பொருளில் இருக்கும் பெட்டியையும் அடையாளமிடுங்கள். இதை விட்டுவிட்டால், சில சேர்வர்கள் உங்களை அறியாத விருந்தாளியாக உள்ளே விட்டு, ஒருசில குழுக்களை மட்டும் காட்டும். பிழைச்செய்தி எதுவும் வராது. எதிர்பார்த்த குழு பட்டியலில் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கோட்டையிலோ கொள்ளுப்பிட்டியிலோ ஒரு அலுவலக வலையில் இருந்து இணையும்போது எதுவும் நடக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், அங்குள்ள ஃபயர்வோல் 119, 563 இரண்டையும் அடைத்திருக்கக்கூடும். கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் அதே கணக்கை ஒரு தடவை சோதியுங்கள். அங்கே வேலை செய்தால் அமைப்பில் பிழை இல்லை. சில சேர்வர்கள் 443ஆம் போர்ட்டிலும் கதவு திறந்து வைத்திருக்கின்றன. உங்கள் சேர்வரின் உதவிப் பக்கத்தில் பார்த்து அதைப் போடலாம்.

குழுக்களில் சேர்தலும் ஹெடர்களும்

கணக்கின் பெயரில் வலது கிளிக் செய்து ‘சப்ஸ்க்ரைப்’ தெரிவுசெய்தால் முழுப் பட்டியலும் இறங்கும். அது மிக நீளமானது. முதல் தடவை கொஞ்ச நேரம் எடுக்கும். தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் ‘தமிழ்’ என்று தட்டினால் சொக்.கல்ச்சர்.தமிழ் வரும், ‘லங்கா’ என்று தட்டினால் சொக்.கல்ச்சர்.ஸ்ரீ-லங்கா வரும். தேவையானவற்றை மட்டும் அடையாளமிடுங்கள்.

ஒரு குழுவை முதன்முறை திறக்கும்போது, 500க்கு மேல் ஹெடர்கள் காத்திருந்தால் தண்டர்பேர்ட் ஒரு கேள்வி கேட்கும்: எல்லாவற்றையும் இறக்கவா, கடைசி 500ஐ மட்டும் இறக்கவா? ஹெடர் என்பது பதிவின் தலைப்பு, எழுதியவர், நேரம், அடையாள எண், எதற்கு மறுமொழி, எத்தனை பைட், எத்தனை வரி என்ற தகவல்கள் மட்டும். ஒன்றுக்கு ஏறத்தாழ அரைக் கிலோபைட் என்று வைத்துக்கொண்டால் 500 ஹெடர் கால் மெகாபைட்தான். 50,000 ஹெடர் 25 மெகாபைட் வரை போகும். பதிவின் உடல் நீங்கள் கிளிக் செய்யும்போதுதான் இறங்குகிறது. அளவு கட்டிய டேட்டாப் பொதியில் 4ஜி ரவுட்டரோ டொங்கிளோ வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வாசிப்பு முறை இணையத்தில் அரிது.

அந்தக் கேள்விப் பெட்டியில் ‘மீதியை வாசித்ததாகக் குறி’ என்றொரு தெரிவும் இருக்கும். அதை யோசிக்காமல் அடையாளமிட வேண்டாம். அடையாளமிட்டால் பழைய பதிவுகளெல்லாம் வாசித்து முடித்தவையாகக் கணக்கில் எழுதப்பட்டு, இனிமேல் இறக்கப்படவே மாட்டா. அடையாளமிடாமல் விட்டால், ‘ஃபைல்’ மெனுவில் ‘அடுத்த 500ஐ எடு’ என்ற கட்டளை மூலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னோக்கிப் போகலாம்.

வாசித்ததை நினைவில் வைக்கும் கோப்பு

எவற்றை வாசித்தீர்கள் என்ற பதிவேடு எழுதப்படும் கோப்பின் பெயர் நியூஸ்ஆர்சி. ‘சேர்வர் செட்டிங்ஸ்’ பக்கத்தின் அடியில் அது இருக்கும் இடம் காட்டப்படும். சாதாரண எழுத்துக் கோப்புதான், நோட்பேட்டில் திறக்கலாம். ஒரு குழுவுக்கு ஒரு வரி. குழுவின் பெயர், அதன்பின் முக்காற்புள்ளி, அதன்பின் 1-8423,8430 என்பது போன்ற எண்கள். அதாவது 1 முதல் 8423 வரையும் 8430ஐயும் வாசித்தாயிற்று என்று பொருள். முக்காற்புள்ளிக்குப் பதிலாக வியப்புக்குறி இருந்தால் அந்தக் குழுவிலிருந்து நீங்கள் விலகியிருக்கிறீர்கள்.

அந்த எண்கள் ஒவ்வொரு சேர்வரும் தன் வசதிக்கு இடுபவை. ஒரு சேர்வரில் 8423ஆக இருக்கும் பதிவு இன்னொன்றில் 51,007ஆக இருக்கலாம். சேர்வரை மாற்றும்போது பழைய நியூஸ்ஆர்சியை அப்படியே தூக்கிக்கொண்டு போனால், வாசிக்காதவை வாசித்தவையாக மறைந்துவிடும், வாசித்தவை புதியவையாகத் திரும்பி வரும். புதிய சேர்வருக்குப் புதிய கணக்கு திறப்பதே சரியான வழி. சேர்வர் தன் தரவுத்தளத்தைப் புதிதாகக் கட்டி எண்களை 1இலிருந்து தொடங்கினாலும் இதே குழப்பம் வரும்: குழுவில் புதிதாக எதுவுமே வராதது போலத் தோன்றும். அப்போது தண்டர்பேர்ட்டை முழுமையாக மூடி, நியூஸ்ஆர்சியின் ஒரு நகலை எடுத்து வைத்துவிட்டு, அந்தக் குழுவின் வரியில் முக்காற்புள்ளிக்குப் பின்னுள்ள எண்களை மட்டும் அழித்துச் சேமியுங்கள். மீண்டும் திறந்தால் ஹெடர்கள் வரும். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது திருத்தினால், மூடும் வேளையில் அது தன் பழைய கணக்கை மேலே எழுதிவிடும்.

திரிகளாக வாசித்தல்

பதிவுகளை நேர வரிசையில் வாசிப்பது யூஸ்நெட்டுக்குப் பொருந்தாது. ‘வியூ’ மெனுவில் திரிவாரியாக அடுக்கும் தெரிவை இயக்குங்கள். ஒவ்வொரு மறுமொழியிலும் ‘ரெஃபரென்சஸ்’ என்ற ஹெடர் வரி இருக்கும். எந்தெந்தப் பதிவுகளின் வழியாக இந்த மறுமொழி வந்தது என்ற பரம்பரை அதில் உண்டு. அதைப் பார்த்தே மென்பொருள் கிளைகளை வரைகிறது. ஒரு மறுமொழி தனியாக அனாதையாய் நின்றால், எழுதியவரின் மென்பொருளோ இடையில் உள்ள ஏதோவொரு வாயிலோ அந்த வரியைக் கழற்றியிருக்கிறது என்று பொருள். உங்கள் பக்கம் செய்ய எதுவும் இல்லை.

கைக்கு நான்கு விசைகள் பழகினால் சுட்டியைத் தொடாமலே ஒரு குழுவை வாசித்து முடிக்கலாம். ‘என்’ அடுத்த வாசிக்காத பதிவுக்கும், ‘டி’ (T) அடுத்த வாசிக்காத திரிக்கும் கொண்டுபோகும். ‘கே’ அந்தத் திரியை முழுவதுமாக ஒதுக்கும். இனி அதில் எத்தனை மறுமொழி வந்தாலும் உங்களைத் தொந்தரவு செய்யாது. ‘டபிள்யூ’ திரியைக் கண்காணிப்பில் வைக்கும். இவற்றில் ‘கே’தான் பெரும் வரம். எந்தக் குழுவிலும் இரண்டு மூன்று சண்டைத் திரிகளே பாதி இடத்தைப் பிடித்திருக்கும். அவற்றை ஒதுக்கியபின் மிஞ்சுவதை வைத்துத்தான் ஒரு குழு உயிரோடு இருக்கிறதா என்று மதிப்பிட வேண்டும்.

வடிகட்டியும் புள்ளியும்

தண்டர்பேர்ட்டில் ‘டூல்ஸ்’ மெனுவின் ‘மெசேஜ் ஃபில்டர்ஸ்’ திறந்து, மேலே செய்திக்குழுக் கணக்கைத் தெரிவுசெய்யுங்கள். மின்னஞ்சல் கணக்கு தெரிவாகியிருக்கும் நிலையில் விதியை எழுதிவிட்டு, வேலை செய்யவில்லை என்று தேடுவது அடிக்கடி நடக்கும் பிழை. தலைப்பு, அனுப்பியவர் இரண்டையும் வைத்து விதி எழுதுங்கள். இந்த விதிகள் ஹெடர் இறங்கும்போதே ஓடுவதால், குப்பைப் பதிவின் உடலை இறக்கும் செலவு இல்லை.

தமிழில் விதி எழுதும்போது ஒரு நுட்பமான தடை உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒற்றைக் குறியாக ஒகரக் குறியை இடுவது ஒன்று, முன்னால் நிற்கும் கொம்பையும் பின்னால் நிற்கும் காலையும் இரு குறிகளாக இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட்டுகளை ஒப்பிடும் தேடலுக்கு இரண்டும் வேறு. ‘கொழும்பு’ என்று நீங்கள் எழுதிய விதி சில பதிவுகளைப் பிடித்து, சிலவற்றை விட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். இப்படி இரு குறிகளாகப் பிரியக்கூடிய ஒகர, ஓகார, ஔகார எழுத்துகளைத் தவிர்த்து ‘ழும்பு’ போன்ற துண்டைக் கொடுத்தால் இரண்டும் சிக்கும். காலுக்குப் பதிலாக ரகரத்தைத் தட்டிவிடுவோரும் உண்டு. அதற்கு மருந்து தேடும் சொல்லைச் சுருக்குவதுதான்.

பான் இதைவிட ஒரு படி மேலே போகிறது. அங்கே ‘வேண்டும், வேண்டாம்’ என்ற இரண்டு நிலை மட்டும் இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் விதிகளின் கூட்டுத்தொகை புள்ளியாகிறது. எதுவும் பொருந்தாத பதிவுக்கு 0. ஒதுக்கியதற்கு -9999, கண்காணிப்பில் உள்ளதற்கு 9999. ஒரு நல்ல எழுத்தாளருக்கு 500 கொடுத்து, ஒரு சலிப்பூட்டும் தலைப்புக்கு -300 கொடுத்தால், அவர் அந்தத் தலைப்பில் எழுதியது 200 பெற்று மேலே நிற்கும். மற்றவர்கள் எழுதியது கீழே இறங்கும். வெறும் வடிகட்டியால் இந்த நுண்மையைக் காட்ட முடியாது. பதிவொன்றைத் தெரிவுசெய்து ‘ஆர்ட்டிகிள்ஸ்’ மெனுவிலிருந்து விதி சேர்க்கலாம். ஒரு விதி எவ்வளவு காலம் செல்லும் என்றும் குறிக்கலாம். தேர்தல் காலச் சண்டைக்கு நிரந்தர விதி எழுத வேண்டியதில்லை.

புள்ளிக் கோப்பும் எழுத்துக் கோப்புதான், எஸ்எல்ஆர்என் என்ற பழைய மென்பொருளின் வடிவில். சதுர அடைப்புக்குள் குழுவின் பெயர், அடுத்த வரியில் புள்ளி, அடுத்த வரியில் எந்த ஹெடரில் எது பொருந்த வேண்டும் என்ற விதி. புள்ளி எண்ணுக்கு முன்னால் சமன்குறி இட்டால் கூட்டல் நின்று, அந்த எண்ணே முடிவாகிவிடும். எண்ணற்ற விதிகளைக் குவித்தபின் ‘இந்தப் பதிவு ஏன் காணாமல் போனது?’ என்று தெரியாதபோது, பதிவின் புள்ளிகளைக் காட்டும் கட்டளையைத் திறங்கள். எந்த விதி எத்தனை புள்ளி சேர்த்தது என்று வரிவரியாகக் காட்டும்.

பானின் இன்னொரு சிறப்பு, பல சேர்வர்களை ஒன்றாகப் பார்ப்பது. ஒன்றை முதன்மை என்றும் மற்றதைப் பின்துணை என்றும் குறித்தால், முதன்மைச் சேர்வரில் இல்லாத பதிவை மற்றதிலிருந்து தானாகவே எடுத்துத் தரும்.

தமிழில் எழுதி அனுப்புதல்

‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’இல் ‘கம்பொசிஷன்’ பக்கத்தில் எச்டிஎம்எல் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். மறுமொழி மேற்கோளுக்குக் கீழே தொடங்கட்டும். பான் பயன்படுத்துவோர் குழுவின் விருப்பங்களில் எழுத்துக்குறியீட்டை யூடிஎஃப்-8 ஆக்குங்கள்.

யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ‘கொழும்பு’ என்ற சொல்லில், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனியே எண்ணினால், 8 குறிகள், ஆகவே 24 பைட். பதிவின் ஒரு வரி 998 பைட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஆங்கிலத்தில் அது நீண்ட பத்தி, தமிழில் 332 குறிகள்தான். வரியை முறிக்காமல் பத்தி பத்தியாக ஒட்டினால், மென்பொருள் முழு உடலையும் பேஸ்64 என்ற குறியாக்கத்துக்கு மாற்றி அனுப்பக்கூடும். அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், பழைய மென்பொருளில் வாசிப்பவருக்கு எழுத்துக் குவியலாகத் தெரியும். 72 குறிகளில் வரி முறிக்கும் இயல்பான அமைப்பை மாற்றாமல் விடுங்கள். தலைப்பும் சுருக்கமாக இருக்கட்டும். தமிழ்த் தலைப்பு 15 குறிகள் அளவிலான துண்டுகளாக வெட்டிக் குறியாக்கப்படுகிறது; நீளம் கூடக் கூட வழியில் ஏதாவதொரு துண்டு சிதையும் வாய்ப்பும் கூடும்.

மறுமொழி எழுதும்போது இரண்டு பொத்தான்கள் உண்டு. ‘ஃபொலோஅப்’ குழுவுக்குப் போகும். ‘ரிப்ளை’ எழுதியவரின் மின்னஞ்சலுக்குப் போகும். அனுப்புமுன் பெறுநர் வரியில் குழுவின் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒரே விடயம் இரண்டு குழுக்களுக்கும் உரியதென்றால் தனித்தனியாக அனுப்பாமல், குழுப் பெயர்களைக் காற்புள்ளியால் பிரித்து ஒரே பதிவாக அனுப்புங்கள். அப்போது அது சேர்வரில் ஒரு பிரதியாகவே இருக்கும். பான் போன்ற மென்பொருளில் ஒரு குழுவில் வாசித்தால் மற்றதிலும் வாசித்ததாகிவிடும். உங்கள் ஒப்பம் நான்கு வரிக்குள் அடங்கட்டும். அதற்கு மேலே இரண்டு சிறு கோடுகளும் ஒரு இடைவெளியும் மட்டும் கொண்ட வரி வேண்டும். அந்த இடைவெளி விடுபட்டால் ஒப்பத்தை ஒப்பமென்று மென்பொருள் அறியாது; ஒவ்வொரு மறுமொழியிலும் மேற்கோளாகத் தொடரும்.

முதல் பதிவை ஆல்ட்.டெஸ்ட் குழுவில் சோதியுங்கள். அனுப்பிய பதிவைத் திரும்பப் பெறும் கட்டளை தண்டர்பேர்ட்டில் இருக்கிறது, ஆனால் பல சேர்வர்கள் அதை மதிப்பதில்லை. அனுப்பியது அனுப்பியதுதான் என்று எண்ணி எழுதுங்கள்.

பழைய தமிழ்ப் பதிவுகள் குழம்பித் தெரிந்தால்

யூனிகோடுக்கு முந்திய பதிவுகளில் மூன்று வகை உண்டு. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் அப்படியே வாசிக்கலாம். இலங்கையில் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் தட்டியது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த பொருளற்ற வரிகளாகத் தெரியும். அது இழப்பில்லாமல் வந்து சேர்ந்திருக்கும். நகலெடுத்து எந்தப் பாமினி-யூனிகோட் மாற்றியில் போட்டாலும் திரும்பக் கிடைக்கும். டிஎஸ்சிஐஐ என்ற பழைய தமிழ் எழுத்துக்குறியீட்டில் எழுதிய பதிவுகள், மேற்கத்திய எழுத்துகளுக்குத் தலையில் குறியிட்டது போலத் தெரியும். ‘வியூ’ மெனுவில் உள்ள எழுத்துக்குறியீட்டைச் சரிசெய்யும் கட்டளை இவற்றுக்கு உதவாது. பதிவைக் கோப்பாகச் சேமித்து, லினக்ஸின் ஐகான்வ் கட்டளையால் டிஎஸ்சிஐஐயிலிருந்து யூடிஎஃப்-8க்கு மாற்றுங்கள். திரையிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் சில பைட்டுகள் வழியில் மாறிவிடக்கூடும்.

பழைய பதிவுகளின் நேரத்தைப் பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். 1996 ஒக்டோபர் இறுதியிலிருந்து 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை இலங்கையின் நேரம் +0600, அதாவது உலகப் பொது நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முன்னே. கொழும்பிலிருந்து எழுதிய அக்காலப் பதிவில் +0530 இல்லாவிட்டால் அது பிழையல்ல.

இணைப்பில்லாமல் வாசித்தல்

‘சிங்க்ரனைசேஷன்’ பக்கத்தில் குழுக்களைத் தெரிவுசெய்து, ‘ஃபைல்’, ‘ஒஃப்லைன்’, ‘டவுன்லோட்/சிங்க் நவ்’ கொடுத்தால் உடல்களும் இறங்கும். இரவுக்கென்று தனி டேட்டா ஒதுக்கும் இணைப்பு உள்ளவர்கள் அந்நேரத்தில் இதை ஓடவிடலாம். மின்வெட்டில் ரவுட்டர் அணைந்தாலும் லெப்டொப்பில் வாசித்து மறுமொழியும் எழுதலாம். எழுதியவை அவுட்பொக்ஸில் காத்திருந்து, இணைப்பு வந்ததும் போகும். குழுவைத் தெரிவுசெய்யாமல் வெறுமனே ஒஃப்லைன் போனால் ஹெடர் மட்டுமே கையில் இருக்கும்.

பிழை எண்கள்

சேர்வர் தரும் மூன்றிலக்க எண்ணை வாசியுங்கள். காரணம் அதில்தான் இருக்கிறது. 480 என்றால் அடையாளம் தேவை, 481 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ பிழை. 483 மறைகுறியாக்கம் கேட்கிறது, 563க்கு மாறுங்கள். 411 அந்தக் குழு இந்தச் சேர்வரில் இல்லை. பெயரின் எழுத்துகளைச் சரிபாருங்கள். 423உம் 430உம் பதிவு இல்லை என்பவை: ஹெடர் உங்களிடம் இருக்கிறது, உடல் சேர்வரில் காலாவதியாகிவிட்டது அல்லது நீக்கப்பட்டுவிட்டது. 440 இந்தச் சேர்வரில் எழுத உங்களுக்கு அனுமதியில்லை. 502 பெரும்பாலும் அனுமதி மறுப்பு. ஒரே கணக்கில் அளவுக்கு மீறி இணைப்புகள் திறந்தாலும் சில சேர்வர்கள் இதையே தரும், ஆகவே வேறு கணனியில் அதே கணக்கு திறந்திருக்கிறதா பாருங்கள்.

441 தான் அதிகம் வரும், அதிகம் குழப்பும். பதிவு ஏற்கப்படவில்லை என்பது மட்டும் அதன் பொருள். எண்ணுக்குப் பின்னால் வரும் ஆங்கில வாசகம்தான் காரணத்தைச் சொல்லும். முகவரி வடிவம் பிழையாக இருக்கலாம், அளவுக்கு மிஞ்சிய குழுக்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பியிருக்கலாம், மேற்கோள் கூடி உங்கள் எழுத்து குறைந்திருக்கலாம். கடைசிக் காரணம் என்றால், மறுமொழிக்குத் தேவையான வரிகளை மட்டும் மேற்கோளில் விட்டு மற்றவற்றை வெட்டி, மீண்டும் அனுப்புங்கள்.